டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் என்று அறியப்படும் திருக்குறுங்குடி வெங்காரம் சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தமிழகத்தைச் சேர்ந்த தொழில் முனைவோர் ஆவார். தென்னிந்தியாவில் பேருந்துப் போக்குவரத்துக்கு அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் தொடங்கிய நிறுவனம் இவரது பெயரின் முதலெழுத்துகளால் டி. வி. எஸ். என்று வழங்கப்பட்டு, பின்னர் தானுந்து உதிரிப்பாகங்கள், இரு சக்கர வண்டிகள், நிதி எனப் பல துறைகளில் விரிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காத நிலையில் கரியிலிருந்து வாயு எடுத்து வண்டிகளை ஓட்டும் கலனை உருவாக்கியதும் இவரது பணிகளுள் குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் பின்னணியும்

சுந்தரம் அய்யங்கார் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். இது 108 வைணவத் திருத்தலங்களுள் ஒன்றாகும். இவர் பிறந்தபோது சென்னை மாகாணத்தை 1876-78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தொடருந்துப் பாதை திறக்கப்பட்டிருந்தது. தூத்துக்குடி அப்போது தனி மாவட்டமன்று. 1986 ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மாவட்டத்தின் பருத்தியும் பிற சரக்குகளும் கடல் வழியே வெளியேறும் வாயில் அதுவே. ஆனால் தொடருந்து நிலையத்திலிருந்து விலகிய ஊர்களுக்கு மாட்டு வண்டியையும் குதிரை வண்டியையும் விட்டால் வேறு வழி கிடையாது. சுந்தரம் அய்யங்காரின் பிற்காலத் தொழில் முழுவதும் இந்த இடைவெளியில்தான் முளைத்தது.

தந்தையின் விருப்பப்படி இவர் முதலில் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார். அதன் பின்னர் இரயில்வேயிலும், பிறகு ஒரு வங்கியிலும் பணிபுரிந்தார். படித்த பிராமணக் குடும்பத்து இளைஞருக்கு அக்காலத்தில் மதிப்பாகக் கருதப்பட்ட மூன்று வேலைகளையும் பார்த்துவிட்டு, முப்பது வயதைக் கடந்த பின் அவற்றை விட்டு விலகித் தாமே தொழில் தொடங்கினார். 1911 ஆம் ஆண்டு டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனத்தின் தொடக்க ஆண்டாகக் கொள்ளப்படுகிறது.

அதே 1911 ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது. அதே மாவட்டத்தின் ஒட்டப்பிடாரத்தில் 1872 ஆம் ஆண்டு பிறந்த வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906 ஆம் ஆண்டில் அந்தச் சங்கத்தை நிறுவித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தை வெட்டியும் அரசு 1908 ஆம் ஆண்டில் அவரைச் சிறையில் அடைத்தும் அம்முயற்சியை முறித்தன. இருவரும் ஏறத்தாழ ஒரே தலைமுறையினர். இருவரும் சட்டத்திலிருந்து போக்குவரத்துக்கு வந்தவர்கள். கடலில் ஆங்கிலேயரின் பெருமுதலீடு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. உள்நாட்டுச் சாலைகளிலோ அப்போது எவரும் பெரிதாக முதலிட்டிருக்கவில்லை. சுந்தரம் அய்யங்காரின் முயற்சி தழைத்ததற்கும் வ. உ. சி.யின் முயற்சி நசுக்கப்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டில் திறமையைவிட இந்தச் சூழலுக்கே பங்கு அதிகம் எனலாம்.

பேருந்துச் சேவை

1912 ஆம் ஆண்டில் சுந்தரம் அய்யங்கார் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். பிற்காலத்தில் இவரது பேருந்துகளும் சரக்குந்துகளும் சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் இயங்கின. நிறுவனத்தின் தலைமையகம் மதுரை மேலவெளி வீதியில் அமைந்தது.

அக்காலத்து வண்டியை இயக்குவது எளிதான காரியமன்று. வண்டியின் முன்புறம் கிராங்க் கைப்பிடியைச் செருகிக் கையால் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும் மின்பொறியை மேக்னெட்டோ என்னும் சிறு மின்னாக்கி தந்தது. அந்தப் பொறி எந்தக் கணத்தில் தெறிக்க வேண்டும் என்பதை ஓட்டுநரே முடிவு செய்தார். இதற்கென்று சுக்கானின் அடியில் ஒரு நெம்புகோல் இருந்தது. எரியத் தொடங்கிய வாயு முழு அழுத்தத்தை எட்ட ஓர் ஆயிரத்தில் சில பங்கு நொடிகள் ஆகும். எனவே பிஸ்டன் மேல் எல்லையை அடைவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். நிமிடத்துக்கு 1500 சுற்றுகள் சுழலும் எஞ்சினில் அந்த நேரத்துக்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 20 பாகை திரும்பிவிடும். இதையே மெக்கானிக்குகள் அட்வான்ஸ் என்பர். மெதுவாகச் சுழலும்போது அட்வான்ஸ் குறைவாகவும் விரைவாகச் சுழலும்போது கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ள மறந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் எஞ்சின் எதிர்த்திசையில் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். சாலையில் சரியாக வைக்கத் தவறினால் வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும், பெட்ரோல் வீணாகும். ஆகவே தொடக்ககாலப் பேருந்து முதலாளியின் இலாபமும் நட்டமும் ஓட்டுநரின் காதிலும் விரல்களிலும் அடங்கியிருந்தன. இத்தகைய எஞ்சின்களை நம்பி ஒரு சேவையை நடத்துவதற்குப் பழுது பார்க்கும் பட்டறையும் பயிற்சி பெற்ற ஆட்களும் உதிரிப்பாக இருப்பும் தேவை. சுந்தரம் அய்யங்கார் பேருந்து ஓட்டுவதோடு நில்லாமல் வண்டி விற்பனை, பழுதுநீக்கம், உதிரிப்பாக வணிகம் ஆகியவற்றிலும் இறங்கியதற்கு இதுவே காரணமாகத் தோன்றுகிறது.

ஆள் நிரம்பினால்தான் வண்டி புறப்படும் என்பது அக்காலப் பேருந்துகளின் பொது வழக்கமாயிருந்தது. டி. வி. எஸ். பேருந்துகள் குறித்த நேரத்தில் புறப்பட்டன. அவை கடந்து செல்வதைப் பார்த்து மக்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்பது மதுரை வட்டாரத்தில் நெடுங்காலம் வழங்கிய பேச்சு. மாடுகளின் லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்து டயர்களைக் குத்தியதால், காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ஓட்டி அவற்றைப் பொறுக்கி எடுக்கச் செய்தார் என்றும் கூறப்படுகிறது. நேரம் தவறாமை என்பது நற்பண்பு மட்டுமன்று. சாலை முதல் ஸ்பார்க் பிளக் வரை ஒவ்வொன்றையும் பராமரித்தால் மட்டுமே அது கைகூடும்.

1930களில் பேருந்துகள் இரயில்வேயின் வருவாயைக் குறைக்கத் தொடங்கின. இதனை ஆராய அரசு அமைத்த மிட்சல், கிர்க்னஸ் ஆகியோரின் குழு 1933 ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. 1939 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பேருந்துத் தடங்களை அனுமதிச் சீட்டு முறைக்குள் கொண்டுவந்தது. முறையாகக் கணக்கும் கால அட்டவணையும் வைத்திருந்த பெரிய நிறுவனங்களுக்கு இந்த மாற்றம் சாதகமாக அமைந்தது. ஒற்றை வண்டி முதலாளிகள் பலருக்கு அவ்வாறு அமையவில்லை.

குடும்பம்

இவரது மனைவி லட்சுமி அம்மாள். இவர்களுக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். மகன்களுள் டி. எஸ். ராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் பின்னர் நிறுவனங்களைப் பொறுப்பேற்று நடத்தினர்.

மகள் சௌந்தரம் (1904-1984) சிறுவயதிலேயே உறவினரான மருத்துவர் சௌந்தரராஜனுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்த கணவர் அந்நோய்க்கே பலியானார். மனைவி மேலும் படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பமாக இருந்தது. இளம் கைம்பெண்ணை வீட்டின் உள்ளறையில் அமர்த்துவதே வைதிகக் குடும்பங்களின் வழக்கமாயிருந்த காலத்தில், சௌந்தரம் தில்லி சென்று ஹார்டிஞ்சு சீமாட்டி மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 ஆம் ஆண்டில் மருத்துவரானார். அங்கு உடன் பயின்ற சுசீலா நய்யார் வழியே காந்தியின் தொடர்பு ஏற்பட்டது. காந்தியத் தொண்டரான கேரளத்தின் ஜி. ராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பினார்.

மகளின் கல்வியோடு உடன்பட்டுச் சென்ற குடும்பம் இங்கே நின்றுவிட்டது. சாதி கடந்த மணம், அதுவும் கைம்பெண்ணின் மறுமணம் என்பதைப் பெற்றோர் ஏற்கவில்லை. இருவரும் ஓராண்டு காலம் சந்திக்காமலும் கடிதம் எழுதாமலும் பிரிந்திருக்க வேண்டும், அதன் பின்னும் உறுதி மாறாதிருந்தால் தாமே மணம் செய்து வைப்பதாகக் காந்தி கூறினார். உறுதி மாறவில்லை. 1940 ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று சேவாகிராமத்தில் காந்தி, கஸ்தூரிபாய் முன்னிலையில் திருமணம் நடைபெற்றது. 1947 ஆம் ஆண்டில் சௌந்தரமும் ராமச்சந்திரனும் திண்டுக்கல்லை அடுத்த சின்னாளபட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும், நடுவண் அரசின் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். சுந்தரம் அய்யங்காரின் வாழ்க்கையைத் தொழில் வெற்றியின் கதையாக மட்டும் எழுதுவோர் இந்தப் பகுதியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவர். புதிய இயந்திரங்களை அஞ்சாமல் ஏற்ற ஒருவருக்குப் பழைய வழக்கத்தை விடுவது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை இதுவே காட்டுகிறது.

போர்க்காலமும் கரிவாயுக் கலனும்

இரண்டாம் உலகப்போரின்போது 1941 ஆம் ஆண்டில் இந்தியாவில் பெட்ரோல் பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது. 1942 ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமானதும் எண்ணெய்ப் பற்றாக்குறை மேலும் முற்றியது. தனியார் பேருந்துகளுக்குக் கிடைத்த பெட்ரோல் தடங்களை நடத்தப் போதவில்லை. பேருந்து நின்றால் ஓட்டுநர், நடத்துநர், பட்டறைத் தொழிலாளர் ஆகியோரின் பிழைப்பும் நின்றுவிடும். சுந்தரம் அய்யங்கார் இதற்கு மாற்றாக டி. வி. எஸ். கேஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தார்.

கரிவாயுவின் தத்துவம் இவரது கண்டுபிடிப்பன்று. அதே காலத்தில் செருமனியில் இலட்சக்கணக்கான வண்டிகளும் சுவீடனில் பல்லாயிரம் வண்டிகளும் இம்முறையில் ஓடின. ஒரு நீள் உருளைக் கலனில் மரக்கரியை இட்டுக் கொளுத்தி, முழுமையாக எரியப் போதாத அளவே காற்றைச் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். இந்த வாயுவைக் குளிர்வித்து, சாம்பலையும் துகளையும் வடிகட்டி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் அனுப்ப வேண்டும். ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ மரக்கரி ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடாகும். மரக்கரி உள்ளூரிலேயே கிடைத்தது. கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

சிக்கல் எஞ்சினுக்குள்தான் இருந்தது. கரிவாயுவில் பாதிக்கும் மேல் எரியாத நைட்ரஜனாகும். எனவே பெட்ரோலுக்கென்று செய்த எஞ்சின் இதில் ஓடும்போது அதன் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். மேலும் கரிவாயு பெட்ரோல் ஆவியைவிட மெதுவாக எரியும். பெட்ரோலுக்கு வைத்த பற்றவைப்பு நேரத்தையே வைத்திருந்தால், பிஸ்டன் கீழே இறங்கிய பின்னும் வாயு எரிந்துகொண்டிருக்கும். எஞ்சிய திறனும் புகைக்குழாய் வழியே போய்விடும். இதற்கு அட்வான்சைப் பல பாகைகள் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் வண்டியைக் கிளப்புவதற்குப் பெரும்பாலும் சிறிது பெட்ரோலையே பயன்படுத்தினர். கூட்டி வைத்த அட்வான்சில் பெட்ரோல் எரிந்தால் எஞ்சின் தட்டும். கையால் கிளப்பினால் உதைக்கும். பெட்ரோலில் கிளம்பி, வாயுவுக்கு மாறி, அந்த மாற்றத்தோடு பற்றவைப்பையும் காற்றின் அளவையும் சேர்த்தே மாற்ற அறிந்த ஓட்டுநரே கரி வண்டியை ஓட்ட முடியும். கரியின் ஈரத்துக்கும் கலனின் சூட்டுக்கும் ஏற்ப வாயுவின் தரம் வழி நெடுகிலும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒருமுறை சரி செய்துவிட்டு மறந்துவிடவும் முடியாது.

புறப்படுவதற்கு முன் பின்புறக் கலனுக்கருகில் ஒருவர் நின்று காற்றூதியைக் கையால் சுழற்றுவதும், மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பதும் கரி பஸ் காலத்தைக் கண்டவர்களின் நினைவில் நின்ற காட்சிகள். கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு வாயு ஆதலால் மூடிய கொட்டகையில் கலனை மூட்டுவது உயிருக்கே ஆபத்தானது. இத்தனை குறைகள் இருந்தும் போர் முடியும் வரை சாலைப் போக்குவரத்து அற்றுப்போகாமல் இருந்ததில் கரிவாயுவுக்குப் பெரும் பங்குண்டு. (கரிமூட்டத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளம் வட்டாரத்தில் இன்றும் சீமைக் கருவேல மரத்தைச் சுட்டுக் கரி எடுக்கின்றனர். ஆனால் அந்தக் கரி இப்போது வண்டிகளுக்குப் போவதில்லை.)

மலாயா வீழ்ந்ததால் ரப்பருக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. தேய்ந்த டயரின் மேற்பரப்பைச் செதுக்கி, புதிய ரப்பரைப் பதித்து, அச்சில் வைத்துச் சூடேற்றி மீண்டும் பயன்படுத்தும் தொழிலையும் சுந்தரம் அய்யங்கார் தொடங்கினார். மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்களும் இவரால் நிறுவப்பட்டவை. சுந்தரம் மோட்டார்ஸ் 1950களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பெரும் விநியோகிப்பாளராக விளங்கியது. பம்பாயில் வண்டிகளைப் பூட்டி வந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954 ஆம் ஆண்டில் அந்தப் பணியை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டு வண்டிகளை விற்பதை விடுத்து உதிரிப்பாகங்களை இங்கேயே செய்யும் வழிக்கு டி. வி. எஸ். திரும்பியதன் பின்னணி இது.

மறைவு

தமது வாழ்நாளிலேயே நிறுவனங்களின் பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிய சுந்தரம் அய்யங்கார், 1955 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

மறைவுக்குப் பின்

அவரது மகன்களின் காலத்தில் சென்னையை அடுத்த பாடி தொழில் மையமாயிற்று. 1961 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்துடன் கூட்டாக லூக்காஸ் டி. வி. எஸ். தொடங்கப்பட்டு, வண்டிகளுக்கான மின்னாக்கிகள், கிளப்பும் மோட்டார்கள், பற்றவைப்புக் கருவிகள் ஆகியவற்றைத் தயாரித்தது. பற்றவைப்பு நேரத்தை ஓட்டுநர் கையால் மாற்றிய நெம்புகோலுக்கு மாறாக, சுழலும் எடைகள் விரிந்து தாமாகவே அட்வான்ஸ் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டர் அப்போது பொதுவாகிவிட்டிருந்தது. டீசல் எரிபொருளைச் செலுத்தும் பம்புகளைச் செய்யும் நிறுவனமும் பின்னர் இக்குழுமத்தில் உருவானது.

1980 ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி. வி. எஸ். 50 மொபெட் வெளிவந்தது. 1982 ஆம் ஆண்டில் டி. வி. எஸ். ரேசிங் என்னும் பந்தய அணி அமைக்கப்பட்டது. பந்தய வண்டிகளில், சிறப்பாக 402 மீட்டர் நேர்ப்பாதையில் ஓரிரு வண்டிகளை நின்ற நிலையிலிருந்து விரட்டும் டிராக் ரேசிங்கில், எரிபொருளின் அளவையும் பற்றவைப்பு நேரத்தையும் கணினியே தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் ஒரு பாகை என்பது ஒரு நொடியில் 36,000இல் ஒரு பங்கு ஆகும். அந்த ஒரு பாகை கூடினால் எஞ்சின் தட்டி பிஸ்டன் உருகலாம், குறைந்தால் பந்தயம் கைவிட்டுப் போகலாம். கிராங்க் தண்டின் நிலையையும் எஞ்சின் தட்டுவதையும் உணரிகள் கணினிக்குத் தெரிவிக்கின்றன. கரி பஸ் ஓட்டுநர் காதால் கேட்டுச் செய்த வேலை இதுவே. 2008 ஆம் ஆண்டில் இக்குழுமத்தின் அப்பாச்சி ஆர்டிஆர் 160 வண்டி மின்னணு எரிபொருள் உட்செலுத்தலுடன் வந்தது. 2020 ஆம் ஆண்டில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது மூட்டை ஏற்றும் எக்ஸ்எல் 100 மொபெட்டிலும் கார்புரேட்டர் போய் உட்செலுத்தல் வந்துவிட்டது.

பேருந்துகளின் கதை வேறு விதமாக முடிந்தது. தமிழக அரசு பேருந்துகளை நாட்டுடைமையாக்கியபோது, மதுரை வட்டாரத்தின் டி. வி. எஸ். பேருந்துகள் 1972 ஆம் ஆண்டில் அரசின் பாண்டியன் போக்குவரத்துக் கழகத்துக்குச் சென்றன. மதுரையில் ஒரு குடியிருப்புப் பகுதி டி. வி. எஸ். நகர் என்று வழங்குகிறது.